கடையின் பெயர் யாருடையது?

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற வணிகக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கிடைக்கிற நேரம்தான் எனக்குத் தந்திருக்கிறார்கள். சட்டம் பேசி யாரையும் தூங்க வைத்துவிடாதீர்கள் என்று செயலாளர் வாசலிலேயே எச்சரித்துவிட்டார். அதனால் சட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, நம் எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒரு சின்னப் புட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

ஊருக்குப் போகும்போது பெட்டியில் முதலில் என்ன வைப்போம்? கோடாலித் தைலம். பாஸ்போர்ட்டை மறந்தாலும் அதை மறக்க மாட்டோம். வெறுங்கையோடு போனால் மாமி முகம் கொடுத்துப் பேச மாட்டார். அந்தத் தைலத்தைச் செய்யும் நிறுவனம் 1928-இல் இந்தச் சிங்கப்பூரில்தான் தொடங்கப்பட்டது. லியூங் காய் ஃபூக் என்பது அதன் பெயர். இந்த அரங்கில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? அதிகம் பேர் கை தூக்கவில்லை. ஆனால் கோடாலி எல்லாருக்கும் தெரியும். எங்கள் உம்மம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கோடாலிப் படம் இல்லையென்றால், "இது வேற சாமான், நீயே வச்சுக்க" என்று திருப்பித் தந்துவிடுவார்.

அந்தக் காலத்து வியாபாரிகள் இதைச் 'சாப்பு' என்றார்கள். மலாய்க்காரர்கள் இன்றும் 'சாப்' என்கிறார்கள். கைலிக்கு ஒரு சாப்பு, பீடிக்கு ஒரு சாப்பு, ஊதுபத்திக்கு ஒரு சாப்பு. வாங்குகிறவர் படத்தைப் பார்த்தார், நம்பி வாங்கினார். இப்போது அதை வணிக முத்திரை, டிரேட் மார்க் என்கிறோம். பெயர் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை. இந்தச் சாமான் இன்னார் கையிலிருந்து வந்தது என்று சொல்வதுதான் அதன் வேலை.

முத்திரைப் பதிவு வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். நம் சமூகத்தார் என்னிடம் வரும்போது பத்தில் எட்டுப் பேர் ஒரு தாளை மேசை மேல் வைப்பார்கள். "பெயர் எங்களுடையதுதான், அக்ராவில் பதிந்திருக்கிறோம், பாருங்கள்." பார்ப்பேன். அது தொழில் பதிவு. இந்தத் தொழிலை நடத்துகிறவர் இன்னார் என்று அரசாங்கத்துக்குச் சொல்லும் தாள். அந்தப் பெயரை வேறொருவர் தம் கடையில் மாட்டாமல் தடுக்கும் உரிமை அதில் இல்லை. அந்த உரிமைக்கு அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தில், அதாவது ஐப்பாஸில், முத்திரையைத் தனியாகப் பதிய வேண்டும். இரண்டும் இரண்டு அலுவலகம், இரண்டு பதிவு. மலேசியாவிலும் அப்படித்தான். எஸ்எஸ்எம் வேறு, மைஐப்போ வேறு.

பதியாவிட்டால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்துச் சட்டத்திலிருந்து வந்த ஒரு பாதுகாப்பு உண்டு. உங்கள் பெயருக்கு மக்களிடம் நன்மதிப்பு இருக்கிறது, எதிராளி தன் சரக்கை உங்கள் சரக்கு என்று மக்கள் நம்பும்படி செய்கிறார், அதனால் உங்களுக்கு நட்டம் ஏற்பட்டிருக்கிறது அல்லது ஏற்படப் போகிறது. இந்த மூன்றையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். நிரூபிப்பதற்குத் தாள் வேண்டும். தாள்தான் நம்மிடம் இருப்பதில்லை.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், தெரு சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். யாரும் ஊகிக்கவும் வேண்டாம்.

பெரியவர் கப்பலில் வந்தவர். தள்ளுவண்டியில் தொடங்கி, பிறகு கடை வீட்டில் சாப்பாட்டுக் கடை. அவருக்கு மூன்று ஆண், இரண்டு பெண். யாரோ ஒரு நல்ல கணக்கப்பிள்ளை யோசனை சொல்லி, கடைப் பெயரைப் பெரியவர் தம் சொந்தப் பெயரிலேயே முத்திரையாகப் பதிந்திருந்தார். அந்தக் காலத்தில் அப்படிச் செய்தவர்கள் நம்மில் குறைவு. பெரியவர் வஃபாத்தானார். வீட்டைப் பிரித்தார்கள், வங்கிப் பணத்தைப் பிரித்தார்கள், ஊரில் இருந்த நிலத்தைப் பிரித்தார்கள். எல்லாம் மார்க்கப்படி, ஒழுங்காக. கடைப் பெயரை யாரும் நினைக்கவே இல்லை. மூத்தவர் கடையைப் பார்த்துக்கொண்டார். இரண்டாமவர் அதே பெயரில் இன்னொரு பேட்டையில் திறந்தார். பெரியவருடைய தங்கை மகன் ஒருவர், சின்ன வயதிலிருந்து அந்த அடுக்களையில் நின்றவர், "மாமா எனக்கும் சொல்லியிருந்தார்" என்று மூன்றாவதாக ஒன்று திறந்தார். யாரும் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

இங்கே பதிவு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பித்துக்கொண்டே இருந்தால் நூறு ஆண்டும் நிற்கும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு ஆறு மாத அவகாசம் உண்டு. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வந்த நினைவூட்டல், எப்போதோ இடிக்கப்பட்ட கட்டடத்தின் முகவரிக்கு, மறைந்துபோன மனிதரின் பெயருக்குப் போயிருக்கிறது. பதிவு காலாவதியானது. சில ஆண்டு கழித்து, மூன்றாவது கடைக்காரரான அந்தத் தங்கை மகன் அதே பெயரைத் தம் பெயரில் பதிந்தார். பிறகு மற்ற இரண்டு கடைகளுக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

மூத்தவர் என் முன்னால் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஊருக்கே தெரியும் தம்பி, இது எங்க அத்தா கடைன்னு. இதுக்கு எதுக்குப் பேப்பர்?"

வழக்காடியிருந்தால் வழி இருந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்யப்பட்ட பதிவை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருகிறவர் என்ற எதிர்வாதமும் உண்டு. ஆனால், "எந்த ஆண்டு முதல், என்ன ஆதாரம்?" என்று கேட்டேன். பழைய ரசீதுப் புத்தகம், உணவுப் பட்டியல், நாளிதழ் விளம்பரம், வாடகைச் சீட்டு, கடை முன்னால் எடுத்த படம், எது இருந்தாலும் போதும். கடையைப் புதுப்பித்தபோது எல்லாவற்றையும் கரைங்குனி ஆளிடம் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

அந்தத் தங்கை மகனைப் பற்றியும் நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டு உழைத்தவர். சம்பளம் கையில் வந்ததே தவிர, பங்கு என்று எதுவும் யாரும் பேசவில்லை. பெரியவர் வாய்மொழியாக அவருக்கு ஏதோ சொல்லியிருக்கவும் கூடும். சொன்னாரா, இல்லையா? சொன்னவர் இல்லை, எழுதியதும் இல்லை.

இரண்டு ரமலான் கடந்து சமரசம் ஆயிற்று. மூத்தவர் தம் கடைக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் வழி கேட்டு வருகிறார்களாம். இந்தப் பேச்சுவார்த்தை நடந்த அத்தனை நாளும் இரண்டு சகோதரிகளை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அதுதான் இன்றுவரை உறுத்தல். நானும் அப்போது கேட்கவில்லை.

ஏன் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்கிறேன். பதிவு செய்த முத்திரை சட்டப்படி அசையும் சொத்து. நகை எப்படியோ, கார் எப்படியோ, அப்படி. உரிமையாளர் மறைந்தால் அது அவருடைய சொத்துக் கணக்கில் சேரும். இங்கே முஸ்லிம் ஒருவருடைய சொத்து ஷரியா நீதிமன்றம் தரும் வாரிசுச் சான்றிதழின்படி பங்கிடப்படுகிறது. பெரியவருடைய மனைவி உயிரோடு இருந்தார், பெற்றோர் இல்லை. ஃபராயிள் கணக்குப் போட்டுப் பாருங்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி, மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. முழுச் சொத்தையும் 64 பங்காக வைத்தால் தாய்க்கு 8, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7. கடைப் பெயரிலும் அந்த ஏழு பங்கு இருந்தது. வீட்டில், நிலத்தில் ஒரு காசு பிசகாமல் கொடுத்தவர்கள், இதைக் கொடுக்காமல் விட்டது கெட்ட எண்ணத்தால் அல்ல. பெயர் ஒரு சொத்து என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தங்கை மகன் வாரிசு இல்லை. ஆனால் பெரியவர் விரும்பியிருந்தால், வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத் எழுதியிருக்கலாம். உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்திருக்கலாம். கொடுப்பதாக இருந்தாலும், முத்திரையைக் கைமாற்றுவதற்குச் சிங்கப்பூர்ச் சட்டம் எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது. பிறகு அந்த மாற்றத்தைப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும்.

குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது என்று மதரசாப் பிள்ளைகளைக் கேளுங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. நம் இமாம் முன்வரிசையில் இருக்கிறார், அவர் சொல்வார்.

முத்திரையைத் தனி மனிதர் பெயரில் வைப்பதா, கம்பெனி பெயரில் வைப்பதா என்று கேட்பார்கள். பெரும்பாலும் கம்பெனி என்றுதான் நான் சொல்வேன். மனிதர் மறைந்தாலும் கம்பெனி இருக்கும். வாரிசுகளுக்குப் போவது அதன் பங்குகள். பிரிக்கவும் எளிது, சகோதரிகளுக்கும் கணக்குத் தெரியும். பல பேர் கூட்டாக ஒரு முத்திரைக்கு உரிமையாளராக இருந்தால் சிக்கல் வேறு மாதிரி. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒவ்வொருவரும் தம் போக்கில் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் வெளியாருக்கு உரிமம் கொடுக்கவோ, தம் பங்கை விற்கவோ முடியாது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனால் பெயர் அப்படியே முடங்கிவிடும்.

மச்சானுக்குப் பெயரைக் கொடுப்பதும் நம் பழக்கம். "நீயும் நம்ம பேரையே போட்டுக்க" என்று சொல்வதில் பெருந்தன்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உரிமமும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எழுதும்போது, மசாலா இங்கிருந்துதான் வாங்க வேண்டும், சுத்தம் இப்படி, பெயர்ப்பலகை இப்படி, இத்தனை ஆண்டுக்கு என்று நான்கு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் நாலு கடை, நாலு ருசி என்றால் அந்தப் பெயர் யாரையும் குறிக்காமல் போய்விடும்.

இப்போது ஒரு பெரிய இடத்துக் கதை. நம்மைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள்தான் ரசீதைத் தொலைப்போம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அயர்லாந்தில் சூப்பர்மேக்ஸ் என்று ஒரு பர்கர்க் கடை நிறுவனம் உண்டு. கால்வே பக்கத்தில் தொடங்கியது. அது ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்குப் போக நினைத்தபோது, மெக்டோனல்ட்ஸ் குறுக்கே நின்றது. சூப்பர்மேக்ஸ் திருப்பிக் கேட்டது: "பிக் மேக் என்ற பெயரை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பதிந்து வைத்திருக்கிறீர்களே, பதிந்த எல்லாவற்றுக்கும் ஐந்தாண்டாக உண்மையில் பயன்படுத்தினீர்களா? காட்டுங்கள்." உலகத்துக்கே தெரிந்த பெயர். மெக்டோனல்ட்ஸ் தன் அதிகாரிகளின் வாக்குமூலம், விளம்பரத் தாள்கள், இணையப் பக்கங்கள், விக்கிபீடியாக் கட்டுரை இவற்றைக் கொடுத்தது. போதாது என்று 2019 ஜனவரியில் ஐரோப்பிய அலுவலகம் அந்தப் பதிவையே ரத்து செய்தது. மேல்முறையீட்டில் கூடுதல் ஆதாரம் கொடுத்துப் பெரும்பகுதியை மீட்டார்கள். ஆனால் 2024 ஜூன் மாதம் ஐரோப்பியப் பொது நீதிமன்றம், கோழி சாண்ட்விச்சுக்கும் கோழி உணவுகளுக்கும் உணவகச் சேவைக்கும் அந்தப் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தியதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாட்டிறைச்சிக்கு உண்டு, கோழிக்கு இல்லை!

"ஊருக்கே தெரியும், எதுக்குப் பேப்பர்?" என்று அவர்களும் நினைத்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரிலும் அந்த ஐந்தாண்டுக் கணக்குத்தான். பதிந்த பொருளுக்கு ஐந்தாண்டு தொடர்ந்து, தக்க காரணமின்றிப் பயன்படுத்தாவிட்டால், யார் வேண்டுமானாலும் பதிவை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பயன்படுத்தினோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளர் தலையில். விண்ணப்பம் வரப்போவது தெரிந்து அவசர அவசரமாகத் தொடங்கினால், கடைசி மூன்று மாதத்துப் பயன்பாடு கணக்கில் சேராது. மலேசியாவில் இன்னும் கடுமை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றே ஆண்டு. ஜொகூரில் கடை மூடிவிட்டு, "பேர் இருக்கட்டும், பின்னால பார்த்துக்கலாம்" என்று இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பயன்பாடு என்றால் பெயர்ப்பலகை மட்டும் அல்ல. பொருட்களும் சேவைகளும் 45 வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உணவகம் 43ஆம் வகை. கறித்தூள் 30. கைலித் துணி 24, தைத்த உடை 25, மருந்துத் தைலம் 5, பணமாற்று 36. சாப்பாட்டுக் கடைக்குப் பதிந்துவிட்டு, மகன் அதே பெயரில் மீன்கறி மசாலாவைப் பொட்டலம் கட்டிப் பேரங்காடிக்கு அனுப்புகிறான் என்றால், 30ஆம் வகை காலியாகவே இருக்கலாம். அங்கே வேறொருவர் முந்திக்கொள்ளலாம். ஒவ்வொரு வகைக்கும் தனிக் கட்டணம். சில நூறு வெள்ளி ஆகும். அதற்காக 45 வகையிலும் பதியச் சொல்லும் முகவரையும் நம்பாதீர்கள். விற்காத பொருளுக்குப் பதிந்தால் ஐந்தாண்டில் அது பிக் மேக் கோழி கதிதான்.

எல்லைக் கோட்டையும் மறக்க வேண்டாம். உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டியதும் சிங்கப்பூர்ப் பதிவு நின்றுவிடும். மலேசியாவில் தனிப் பதிவு, இந்தியாவில் தனிப் பதிவு. முன்பெல்லாம் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. மாட்ரிட் ஒப்பந்த வழி இப்போது மூன்று நாட்டுக்கும் பொது. சிங்கப்பூர் 2000-இல் சேர்ந்தது, இந்தியா 2013-இல், மலேசியா 2019-இல். இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் மற்ற நாடுகளைக் குறிப்பிடலாம். சென்னைக்குச் சாமான் அனுப்புகிறவர்கள், முதல் பெட்டி கப்பல் ஏறுவதற்கு முன்பே அங்கே பதிவுக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கே உங்கள் சரக்கை எடுத்து விற்கும் முகவர் தம் பெயரில் பதிந்துகொண்ட கதைகளை நான் பார்த்திருக்கிறேன். அவரிடமிருந்து மீட்பதற்குள் பெட்டியே காலாவதியாகிவிடும்.

மலேசியா என்றதும் மெக்கறி வழக்கைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999-இல் திறந்த இந்திய உணவகம். 'மலேசியன் சிக்கன் கறி' என்பதன் சுருக்கம் என்றார்கள். மெக்டோனல்ட்ஸ் வழக்குப் போட்டது. 2006-இல் உயர் நீதிமன்றம் மெக்டோனல்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பெயர்ப்பலகை வேறு, நிறம் வேறு, விற்கும் உணவு வேறு, வருகிற ஆளும் வேறு, 'மெக்' என்ற எழுத்தை மட்டும் ஒருவர் முழுதாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்றது. செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றம் மெக்டோனல்ட்ஸின் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. ஒரு கறிக் கடை பல ஆண்டு நின்று போராடியது. வக்கீல் நோட்டீஸ் வந்த மறுநாளே பெயர்ப்பலகையை இறக்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அதுவும் பெயரை இழக்கும் ஒரு வழிதான். இறக்குவதற்கு முன் யாரிடமாவது காட்டுங்கள். பெரிய இடம் என்பதற்காக அவர்கள் கேட்பதெல்லாம் அவர்களுடையது ஆகிவிடாது.

பெயர் பொதுச்சொல் ஆகி இழப்பதும் உண்டு. ஆஸ்பிரின் ஒரு காலத்தில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்துடைய முத்திரை. 1921-இல் அமெரிக்க நீதிமன்றம், மக்களுக்கு அது மாத்திரையின் பெயர்தான் என்று சொல்லிவிட்டது. நமக்கு அந்த அளவு புகழ் வந்து சிரமப்படப் போவதில்லை. நம் சிக்கல் நேர் எதிர். தொடங்கும்போதே பொதுச்சொல்லை வைத்துக்கொள்கிறோம். முர்தபா, பிரியாணி, நாசி கண்டார் என்பவற்றை யாரும் தமக்கென்று பூட்டி வைக்க முடியாது. அதோடு ஊர்ப் பெயரைச் சேர்த்தாலும் பெரிய பலம் வராது. உங்களுக்கே உரிய ஒரு சொல்லோ, ஒரு படமோ வேண்டும். கோடாலிக்கும் தைலத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லாததால்தான் அது நல்ல முத்திரை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் பதியாமலே போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அழகுக்காகப் போட்டேன் என்கிறார்கள். பதியாததைப் பதிந்ததாகக் காட்டுவது இங்கே குற்றம். 'டிஎம்' என்று போடலாம், தடையில்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் முயிஸ் ஹலால் முத்திரை உங்களுடையது அல்ல. அது முயிஸ் உங்களுக்குக் கொடுத்த சான்று. கடையை விற்கும்போது பெயரோடு சேர்த்து அதையும் விற்றுவிட்டதாகச் சொன்ன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். பாவம், தெரியாமல் சொன்னார்.

பாங்கு சொல்ல நேரம் நெருங்குகிறது. வீட்டில் பழைய பெட்டி, பிஸ்கட் டின், அலமாரி மேல் தட்டு எங்கே இருந்தாலும் தேடுங்கள். ரசீதுப் புத்தகம், கல்யாணச் சாப்பாட்டு ஆர்டர் சீட்டு, கடை முன்னால் அத்தா நிற்கும் படம், அதன் பின்பக்கம் எழுதிய தேதி, எல்லாம் வேண்டும். படம் எடுத்துக் கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள், அசலையும் வையுங்கள். ஐப்பாஸ் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இன்றிரவே உங்கள் கடைப் பெயரைத் தட்டிப் பாருங்கள். உரிமையாளர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது, முகவரி எது, காலாவதித் தேதி எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். அத்தாவின் பெயர் இருந்து அவர் மறைந்திருந்தால், உம்மாவையும் சகோதரிகளையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். தொழுகைக்குப் பிறகு தேநீர் மேசைப் பக்கம் நான் இருப்பேன். தாளோடு வருகிறவர்களுக்கு முதலிடம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.